சூரியனைவிட்டுக் கண்ணெடுக்காத காவல்காரர்



அம்பாங் அடுக்குமாடி வீடுகளில் மாட்டியிருக்கும் ஆஸ்ட்ரோ தட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாமே வானத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். அந்தத் திசையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மீசாட் துணைக்கோள்கள் இருக்கின்றன. மழையும் இடியும் அவ்வளவு உயரத்துக்குப் போவதில்லை. ஆனாலும் அங்கே புயல் வரும். அதைக் கொண்டுவருவது சூரியக் காற்று.

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் எந்நேரமும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. இதுதான் சூரியக் காற்று. இதன் வேகம் சாதாரணமாக நொடிக்கு 400 கிலோமீட்டர். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் வேகமும் கூடும், துகள்களும் கூடும். 1989 மார்ச்சில் அப்படி வந்த ஒரு புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தது.

புயல் வருவதை முன்கூட்டியே அறிய வேண்டுமானால், பூமிக்கு முன்னால் ஒரு காவல்காரர் வேண்டும். இந்தியா அனுப்பிய காவல்காரரின் பெயர் ஆதித்யா-எல்1. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்தவர். 2024 ஜனவரி 6ஆம் தேதி கலம் தன் இடத்தை அடைந்தது.

அந்த இடம் எது? பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் போனால் எல்1 என்ற புள்ளி வரும். அங்கே இருக்கும் பொருளால், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர முடியும். ஆனால் சரியாக அந்தப் புள்ளியிலேயே கலத்தை நிறுத்தினால் ஒரு தொல்லை. பூமியிலிருந்து பார்க்கும்போது கலத்துக்கு நேர் பின்னால் சூரியன் இருக்கும். சூரியன் எழுப்பும் வானொலி இரைச்சலில் கலத்தின் மெல்லிய குரல் அமுங்கிப் போகும். அதனால் கலம் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய பாதையில் வலம் வருகிறது. ஒரு சுற்றுக்கு 178 நாள். அந்தப் பாதையும் தானாக நிலைக்காது. மெல்ல மெல்ல விலகும். அதைத் திருத்த, முதல் சுற்றில் பிப்ரவரி 22, ஜூன் 7, ஜூலை 2 ஆகிய மூன்று நாள்களில் உந்து எஞ்சின்களைச் சற்று நேரம் இயக்கினார்கள்.

பாதையில் இருந்தால் மட்டும் போதாது. முகமும் சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சூரியனின் பளிச்சிடும் வட்டத்தை ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிமகுடத்தை மட்டும் படம் பிடிக்கும் கருவி ஒன்று இந்தக் கலத்தில் இருக்கிறது. குறி கொஞ்சம் தப்பினாலும் வட்டத்தின் ஒளி உள்ளே புகுந்து படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே விண்மீன் உணரிகள், தெரிந்த விண்மீன்களைப் பார்த்து, 'நாம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம்?' என்று ஓயாமல் கணிக்கின்றன.

சரி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத வெளியில் கலம் எப்படித் திரும்பும்? இதை நீங்களே செய்து பார்க்கலாம். சுழல் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரம்பிய போத்தலைப் பிடித்துக்கொண்டு, கைகளை வலப்பக்கம் நீட்டுங்கள். கால்களைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். இப்போது கைகளைச் சட்டென்று இடப்பக்கம் வீசுங்கள். நாற்காலி வலப்பக்கம் திரும்பும்! கைகள் நின்றதும் நாற்காலியும் நின்றுவிடும். கலத்துக்குள் இந்த வேலையைச் செய்பவை சுழல் சக்கரங்கள். மின்மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றினால் கலம் மறுபக்கம் திரும்பும். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து கிடைக்கிறது. எரிபொருள் செலவில்லை.

ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. சூரிய ஒளி கலத்தின்மேல் படும்போது மிக மெல்லிய அழுத்தம் தருகிறது. அது கலத்தைத் திருப்பப் பார்க்கும். சக்கரங்கள் அதை ஈடுகட்டி ஈடுகட்டி, நாளடைவில் வேகம் கூடி எல்லையைத் தொட்டுவிடும். அப்போது உந்து எஞ்சின்களைக் கொஞ்சம் இயக்கிக் கலத்தைப் பிடித்துக்கொண்டு, சக்கரங்களின் வேகத்தைக் குறைப்பார்கள்.

அமெரிக்காவின் ஏஸ் என்ற கலம் வேறு வழியில் நிற்கிறது. 1997 ஆகஸ்டில் ஏவப்பட்ட அது, நிமிடத்துக்கு 5 முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. சுழலும் பொருளின் அச்சு எளிதில் திசை மாறாது. பம்பரம் விழாமல் நிற்பதும் இதனால்தான். ஆனால் ஏஸ் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறதே! 365 நாளில் 360 பாகை என்றால், நாளுக்குச் சுமார் 1 பாகை. சூரியனை நோக்கிய அச்சு அசையாமல் இருந்தால், சூரியன் அந்த அளவுக்கு விலகிக்கொண்டே போகும். அதனால் சில நாளுக்கொரு முறை அச்சைத் திருத்த வேண்டும். இந்தச் சின்ன வேலையை விடாமல் செய்ததால்தான் அது 20 ஆண்டுகளுக்கு மேல் சூரியக் காற்றை அளந்து சொல்லியிருக்கிறது.

ஆதித்யாவின் குரலைக் கேட்க, பெங்களூரு அருகே பியாலாலுவில் 32 மீட்டர் அகலமுள்ள ஆண்டெனா இருக்கிறது. செய்தி வந்து சேர 5 நொடி. அங்கே இரவாகிவிட்டால் கலமும் சூரியனோடு கண்ணுக்கு மறைந்துவிடும். அந்நேரத்தில் ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஆண்டெனாக்கள் கைகொடுக்கும். 2024 மே 10, 11 தேதிகளில் பெரும் சூரியப் புயல் வந்தது. அதனால் லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. அந்தப் புயலின் துகள்களை ஆதித்யா அளந்து அனுப்பியது. புயல் அடிக்கும் நாளில் கலம் சரியான பக்கம் பார்த்திருக்க வேண்டுமென்றால், ஒன்றும் நடக்காத நாள்களிலும் யாராவது அதைக் கவனித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறியாளர்களின் வேலை நமக்குத் தெரியாமல் நடக்கிறது. அதன் பயன் நமக்குத்தான் கிடைக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. எல்1 புள்ளியைக் கடந்த புயல், நொடிக்கு 750 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பூமியைத் தொட எவ்வளவு நேரமாகும்? 15 லட்சத்தை 750ஆல் வகுத்து, வரும் நொடிகளை நிமிடமாக்குங்கள். சாதாரண வேகமான 400க்கும் போட்டுப் பாருங்கள். மின்நிலையங்களும் துணைக்கோள் இயக்குநர்களும் தயாராவதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.