தஞ்சை சிவகங்கை பூங்காவுக்கு வயது 150ஐத் தாண்டியது! வாய்க்கால் அடைத்தால் படகு ஓடாது!!

தஞ்சாவூர்,

பெரிய கோவிலில் சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் குழந்தைகள் அடம் பிடிப்பது ஒன்றுக்குத்தான். "பார்க்குக்குப் போகலாம்ப்பா!"

முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கமிருந்து பஸ் ஏறி வரும் ஏழை எளிய குடும்பங்களுக்கு சிவகங்கை பூங்காதான் சின்ன செலவில் பெரிய சந்தோஷம்.

1871-72ல் தஞ்சை நகராட்சி இதை மக்கள் பூங்காவாக அமைத்தது. கோட்டைச் சுவர், நடுவே சிவகங்கை குளம், பக்கத்திலேயே 1779ல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம். எங்கு திரும்பினாலும் சரித்திரம்!

மேட்டிலிருந்து வந்த தண்ணீர்

பூங்காவுக்கு உயிர் அந்தக் குளம். ஒரு காலத்தில் ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த குளம் இது.

மேற்கே மேட்டில் இருப்பது சேவப்ப நாயக்கன் ஏரி. அதில் தேங்கும் மழைத் தண்ணீர் சிவகங்கை குளத்துக்கு வரும். அங்கிருந்து 'ஜலசூத்திரம்' என்ற பூமிக்கடி வாய்க்கால் வழியாக அய்யன்குளம், சாமந்தான் குளம் என்று ஓடும். மோட்டார் கிடையாது. கரண்ட் கிடையாது. பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் தானாகப் போகும். அப்பேர்ப்பட்ட மூளை!

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுக்குக் கடலே தண்ணீர் கொடுக்கும். சிவகங்கை குளத்துக்கு வானம்தான் கொடுக்க வேண்டும். வழியில் ஓர் இடத்தில் வாய்க்கால் அடைத்தாலும் போச்சு. குளம் வற்றும், படகு தரை தட்டும். சாக்கடை கலந்தாலோ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

மான் போனது ஏன்?

ஒரு காலத்தில் இங்கே மான்கள் துள்ளின. இன்று சட்டம் கடுமை. 1992ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தபிறகு, அதன் அங்கீகாரம் இல்லாமல் விலங்குகளைக் கூண்டில் வைத்துக் காட்ட முடியாது.

ராட்டினமும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பெரிய கோவில் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும்.

2016ல் தஞ்சை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. வேலைக்காகப் பூங்கா பூட்டப்பட்டது. பூட்டு சில ஆண்டுகள் தொங்கியது! பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குழந்தைகள் எத்தனையோ பேர்.

மறக்க முடியுமா?

வேடிக்கை பார்க்கக் கூடும் இடத்தில் உயிருக்கும் காவல் வேண்டும். 1886 டிசம்பர் 31ந் தேதி சென்னை மக்கள் பூங்கா பொருட்காட்சியில் தீப்பிடித்து 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1997 ஜூன் 7ந் தேதி பக்கத்து மதிலுக்குள்ளேயே, பெரிய கோவில் யாகசாலைப் பந்தலில் தீ! தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

காணும் பொங்கலன்று கூட்டம் கூடினால் வெளியேற வழி தாராளமாக இருக்க வேண்டும். குளக்கரையில் நீச்சல் தெரிந்த ஆள் நிற்க வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை மாட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது

புதுப் பெயிண்டும் வண்ண விளக்கும் நாலு நாள் வேடிக்கை. ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாருவது, சாக்கடை கலக்காமல் பார்ப்பது, குளக்கரையில் காவல் போடுவது — இதுதான் வருடம் முழுவதும் வேலை. இதற்குத் திறப்பு விழா கிடையாது, மாலை மரியாதை கிடையாது. ஆனால் இதைச் செய்யாவிட்டால் குளமும் இல்லை, பூங்காவும் இல்லை.

நாயக்கர் காலத்தில் வந்த தண்ணீர் இந்தக் காலத்தில் வராதா? மாநகராட்சி கவனிக்குமா?