பனி உறையும் ஊரில் ஒரு வெயில் அறை: எஸ்டிமேட் போட்டுப் பார்ப்போமா?

எஸ்டிமேட் என்றதும் நாம் செங்கல், சிமெண்ட், மணல் என்று எழுத ஆரம்பித்துவிடுகிறோம். வெயிலையும் ஒரு கட்டுமானப் பொருளாகச் சேர்த்துக்கொண்ட எஸ்டிமேட்டை யாராவது பார்த்ததுண்டா? வாசுதேவநல்லூரில் வெயிலைக் கண்டால் நிழல் தேடி ஓடுகிறவர்கள் நாம். நம் நாட்டிலேயே வடக்கே லடாக்கில், லே நகரைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டோடு ஒட்டிக் கண்ணாடி அறை கட்டி வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும், "கண்ணாடிக்குள்ள இருந்தா வெந்துல்லா போவோம்" என்றார்கள் எங்கம்மா. நம்ம ஊருக்கு அது சரிதான்.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி வரை போகும். ஆனால் மழை மிகக் குறைவு. பகலில் நல்ல வெயில். டிசம்பர் 22 வாக்கில் நடுப்பகலில் அங்கே சூரியனின் உயரம் எவ்வளவு? 90-லிருந்து அட்சரேகை 34, பிறகு இருபத்து மூன்றரை கழித்தால் முப்பத்திரண்டரை டிகிரி. (நமக்கு அதே நாளில் சுமார் 57.) இவ்வளவு தாழ்ந்த வெயில் தெற்குச் சுவரில் நேராக விழும். ஜூனில் அதே சூரியன் ஏறக்குறைய 79 டிகிரிக்கு ஏறி, கூரைமேல் நின்றுவிடும். ஆகவே கண்ணாடி தெற்கே மட்டும் போதும். மேலேயும் போட்டால் பார்க்க அழகுதான். கோடையில் அறை கொதிக்கும், இரவில் சூடெல்லாம் மேலே போய்விடும். காசும் வீண்.

கண்ணாடி வழியே வெயில் உள்ளே வந்து பின்னால் உள்ள மண் சுவரைச் சூடாக்குகிறது. சூடான சுவர் வெளிவிடும் வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டி நேராக வெளியே போக முடியாது. கனமான மண் சுவர் அந்தச் சூட்டை வைத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக வீட்டுக்குள் விடும்.

இனி செலவுக்கு வருவோம். முதலில் அஸ்திவாரம். கனடாவில் டொரோண்டோவில் நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே ஒரு சின்ன அறை சேர்த்தாலும் அஸ்திவாரம் 4 அடி ஆழம் போக வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். மண்ணிலுள்ள ஈரம் உறைந்தால் மண்ணே கட்டடத்தைத் தூக்கிவிடும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடித்துச் சுவரில் விரிசல் விடுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, கடும் குளிரில் கான்கிரீட் இறுகாது. கோடை மாதங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

அடுத்து சட்டம். நாம் கரையானுக்குப் பயந்து அலுமினியம் போடுகிறோம். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். குளிர் நாட்டில் வெறும் அலுமினியச் சட்டம் என்பது சூடு வெளியே போக நாமே போட்டுக் கொடுக்கிற ரோடு.

பெரிய செலவு எது தெரியுமா? கட்டும்போது கண்ணில் படாதது. 10 அடி அகலம், 8 அடி உயரம் கண்ணாடி என்றால் 7.4 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு சுமார் 5.7, நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. உள்ளே 18, வெளியே மைனஸ் 12 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் ஒற்றைக் கண்ணாடி வழியாக ஓடுவது ஏறக்குறைய 1,265 வாட். 14 மணி நேர இரவுக்குச் சுமார் 18 யூனிட்! இரட்டைக் கண்ணாடி என்றால் 9 யூனிட்டுக்குள் நிற்கும். மிச்சமாகும் 9 யூனிட்டை, யூனிட் 8 ரூபாய் என்று வைத்து, 150 இரவுக்குப் பெருக்கினால் 10,800 ரூபாய். இரண்டாவது கண்ணாடிக்கு ஆகும் கூடுதல் தொகையை இதால் வகுத்தால், எத்தனை குளிர்காலத்தில் போட்ட காசு திரும்பும் என்பது வந்துவிடும்.

மண்ணெண்ணெயில் சொன்னால் இன்னும் உறைக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம். பாதி புகைபோக்கியில் போய்விட்டால் அந்த 18 யூனிட்டுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரே இரவுக்கு, ஒரு கண்ணாடிச் சுவருக்கு மட்டும்! அதை வாங்கி, சுமந்து, புகையில் உட்கார்ந்து எரிக்கிறவர் அந்த வீட்டு அம்மாவாகத்தான் இருப்பார்.

ஆகவே என் கருத்து: வெயில் அறைக்கு ஹீட்டர் வைக்கக் கூடாது. வீட்டுக்கும் அதற்கும் நடுவே சுவரும் நல்ல கதவும் இருக்க வேண்டும். சிலர் இடம் பெரிதாகத் தெரியட்டும் என்று நடுச்சுவரை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஹீட்டர் ராத்திரி முழுக்கக் கண்ணாடியைச் சூடாக்கிக்கொண்டு இருக்கும். ராணுவத்தில் லாரி ஓட்டும் எங்க சித்தப்பா லேயில் இரண்டு வருஷம் இருந்தார். அவர் பார்த்த வீட்டில் பகலெல்லாம் பாட்டி முதல் பிள்ளைகள் வரை கண்ணாடி அறையில்தானாம். இருட்டியதும் கதவைச் சாத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்களாம். அந்தத் திரையை எஸ்டிமேட்டில் யாரும் எழுதமாட்டார்கள்!

கண்ணாடி வாங்க முடியாதவர்கள்? லேக்குப் பக்கத்தில் பே என்ற ஊரில் செக்மோல் என்ற கல்வி இயக்கத்தின் வளாகம் இருக்கிறது. 1988-ல் தொடங்கிய இயக்கம் அது. வளாகத்தை மண்ணாலேயே கட்டியிருக்கிறார்கள். அதன் பெரிய கட்டடத்துக்கு 2016-ல் சர்வதேச டெர்ரா விருது கிடைத்தது. அங்கே குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் பாலிதீன் விரிப்பைக் கட்டிவிடுகிறார்கள்; கோடையில் சுருட்டிவிடுகிறார்கள். பாப்லர், வில்லோ மரக் கம்புகள் அந்த ஊரிலேயே கிடைக்கும். கண்ணாடியை மலைப்பாதையில் லாரியில் கொண்டுபோகும்போது உடையும் சேதாரம் இதில் இல்லை. கிழியும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உண்மைதான். வெயிலைத் தாங்கும் தரத்தில் வாங்கவேண்டும். சாதாரண பாலிதீன் அந்த உயரத்து வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும். மேலேயும் கீழேயும் ஒரு திறப்பு விடவும் மறக்கக் கூடாது. மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் பகலில் அதைத் திறந்துதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கம்மா சொன்னது அங்கேயும் நடந்துவிடும்.