இரண்டு முத்திரை இனாம்

கார் வாட்டர் சர்வீஸ் செய்யும் ஓர் இடத்தில் நடந்த சோதனை இது. 300 வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு முத்திரை. அட்டை நிறைந்தால் ஒருமுறை இலவசம். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்தது. ஆக, எல்லோருக்கும் பாக்கி எட்டுதான். ஆனாலும் எட்டுக் கட்ட அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம். பத்துக் கட்ட அட்டையை நிரப்பியவர்கள் 34 சதவீதம்! பாதியில் நிற்கும் வேலையை முடிக்கத்தான் மனசு பரபரக்கும் போலிருக்கிறது. ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரெஸ் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் இதை வெளியிட்டார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர் அட்டையை நிரப்பவே இல்லை என்பதையும் பாருங்கள். கடைக்கு அதுவும் லாபம்தான்.

அட்டையால் கடைக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் 1995-ல் கிளப்கார்டு என்ற வாடிக்கையாளர் அட்டையைக் கொண்டுவந்தன. ஒரு பவுண்டுக்கு வாங்கினால் ஒரு பாயிண்ட். அதன் மதிப்பு ஒரு பென்னி. அந்தச் சில்லறையைக் கொடுத்து, யார் எதை எப்போது வாங்குகிறார்கள் என்ற விவரத்தைக் கடை வாங்கிக்கொண்டது.

நம் ஊரில் பல கடைகளில் அட்டையே தேவையில்லை, செல்போன் நம்பர் போதும். ஆனால் நம்பர் தந்தால்தான் பில் போடுவோம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பாயிண்ட் வேண்டாமென்றால், நம்பர் தர முடியாது என்று தாராளமாகச் சொல்லுங்கள்.