கிட்டார் கையோடு மேண்டலின் கடைக்கு

பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் பட்டது கம்பிகளுக்கு அடியில் சாய்ந்து கிடந்த பிரிட்ஜ். பன்னிரண்டு வருடம் லைட் மியூசிக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். வீட்டில் இரண்டு சாதாரண கிட்டாரும் உண்டு. பிரிட்ஜ் கழன்ற கிட்டார் என்றால் அது பட்டறைக்குப் போகவேண்டிய கிட்டார். அதே நினைப்பில், ‘உடைந்த பொருளை அனுப்பியிருக்கிறீர்கள்’ என்று விற்றவர்களுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் தட்டிவிட்டு, திருச்சியில் எனக்குப் பழக்கமான பட்டறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“தம்பி, இது கழறல. மேண்டலின்ல பிரிட்ஜை ஒட்டவே மாட்டாங்க. கம்பி அழுத்துற அழுத்தத்துலதான் நிக்கும். பார்சல்ல வர்றப்ப கம்பியைத் தளர்த்தி அனுப்பியிருக்காங்க, சாஞ்சிருச்சு” என்றார் பட்டறைக்கார அண்ணன். இரண்டு நிமிடத்தில் நிமிர்த்தி நிறுத்தினார்.

இல்லாத குறைக்குப் புகார் எழுதிய வெட்கத்தில் அடுத்த மூன்று வாரம் வாய் திறக்காமல் வாசித்தேன். விரல் வலித்தது. புது வாத்தியம், வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அந்த மேண்டலினுக்குக் கழுத்து கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தது. பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கியும் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி 3 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அது தெரிந்தபோது, திருப்பி அனுப்ப விற்பனைத் தளம் கொடுத்திருந்த 10 நாள் என்றைக்கோ முடிந்திருந்தது.

கிட்டார்க்காரர்கள் முதல் மேண்டலின் வாங்கும்போது ஏமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். குறையே இல்லாததைக் குறை என்கிறோம். இருக்கிற குறையை ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம். ஒன்றுமே தெரியாமல் கடைக்குப் போகிறவர் கூடவே தெரிந்தவரை அழைத்துப் போவார். நமக்குத்தான் பாதி தெரியுமே.

நம் கைக்குத் தெரிந்த பாதி எது என்று முதலில் பார்த்துவிடலாம். கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளும் பேஸின் நான்கு கம்பிகளும் இ, ஏ, டி, ஜி என்ற வரிசையில் சுருதி சேர்க்கப்படுகின்றன. மேண்டலினில் ஜி, டி, ஏ, இ. அப்படியே தலைகீழ். கிட்டாரில் ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்கு ச-விலிருந்து ம போகிற தூரம் என்றால், இங்கே ச-விலிருந்து ப போகிற தூரம், வயலினைப் போல. அதனால் கிட்டார் கார்டுகளைக் கவிழ்த்துப் போட்டால் பாதி கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கைக்கு வேலை வேறு. பேஸில் முதல் ஃப்ரெட்டின் அகலம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், கிட்டாரில் மூன்றரை, மேண்டலினில் 2. கழுத்தின் தலைப்பகுதி 3 சென்டிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள். எல்லாம் சேர்ந்து 70, 80 கிலோ இழுவையில் நிற்கின்றன. பேஸில் தடித்த கம்பியை அழுத்திப் பழகிய விரல் இங்கேயும் அதே பலத்தைக் கொடுத்தால் சுருதி ஏறிப்போகும், மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளும். முதல் மாதம் ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். ஆக்‌ஷன் சரியாக இருக்கும் மேண்டலினில் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போய் வலித்தால், வலிக்குக் காரணம் உங்கள் விரலாக இல்லாமலும் இருக்கலாம்.

எந்த மேண்டலின் வேண்டும் என்பதையும் பணம் கட்டுமுன் முடிவு செய்துவிடவேண்டும். நம் ஊரில் மேண்டலின் என்றவுடன் நினைவுக்கு வருகிறவர் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014இல் மறைந்தவர். அவர் கையில் இருந்தது எட்டுக் கம்பி மர மேண்டலின் அல்ல; ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மாற்றியமைத்த எலெக்ட்ரிக் மேண்டலின். அந்தக் கமகம் ஜோடிக் கம்பியில் அப்படி வராது. கர்னாடக இசைக்காக மேண்டலின் கேட்பவருக்கு எட்டுக் கம்பி வாத்தியத்தைக் கட்டிவிடுவதும், சினிமாப் பாட்டுக்குப் பின்னணியில் ஜலஜலவென்று ட்ரெமோலோ வேண்டுமென்பவர் ஐந்து கம்பியை வாங்கிவிட்டு முழிப்பதும் நடக்கிறது. பெயர் ஒன்று, வாத்தியம் இரண்டு. ஐந்து கம்பி எலெக்ட்ரிக்கைப் பெரும்பாலும் சொல்லித்தான் செய்யவேண்டியிருக்கும். அப்படிச் செய்யக் கொடுத்தால் கம்பி எத்தனை, நீளம் என்ன, என்ன மரம், என்ன பிக்கப், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாளை தகராறு என்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

மர மேண்டலினில் ஏ, எஃப் என்று இரண்டு வடிவங்கள் அதிகம் விற்கின்றன. எஃப் வடிவத்தில் ஒரு சுருள் இருக்கும். அது அலங்காரம், செதுக்குகிற கூலி விலையில் ஏறுகிறது. 1920களின் தொடக்கத்தில் கிப்சனில் லாய்ட் லோர் மேற்பார்வையில் உருவான எஃப்-5 மாதிரியும், 1923இல் செய்யப்பட்ட அப்படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ப்ளூகிராஸ் இசையை வளர்த்த பில் மன்றோவும் அந்தச் சுருளுக்கு வாங்கித்தந்த மவுசு இன்னும் குறையவில்லை. முதல் மேண்டலினுக்குச் சுருள் வேண்டாம் என்பது என் கட்சி. அதே பணத்துக்கு ஏ வடிவத்தில் நல்ல மரம் கிடைக்கும்.

மரத்தில்தான் அடுத்த பொடி. ‘சாலிட் டாப்’ என்று விளம்பரத்தில் இருக்கும். வருவது ப்ளைவுட்டாக இருக்கும். சத்தம் வரும் துளையின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மரவரி விளிம்பில் இறங்கித் தொடர்ந்தால் அசல் பலகை. சாண்ட்விச் மாதிரி அடுக்குகள் தெரிந்தால் ப்ளைவுட். ப்ளைவுட் மேண்டலின் வாங்குவது தப்பில்லை, பழகுவதற்குப் போதும். அதைச் சாலிட் என்று விற்பதுதான் தப்பு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் நமக்கு மிகவும் தோதானது. தரத்தில் இருக்கும் பழுது மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட தரத்துக்குக் கீழே இருப்பதும் குறைபாடுதான். ஆகவே ‘சாலிட் டாப்’ என்ற அந்த ஒரு வரியின் ஸ்கிரீன்ஷாட் உங்கள் முதல் ஆதாரம். வாங்கும் அன்றே எடுத்து வைத்துவிடுங்கள், விளம்பரங்கள் பிறகு மாறிவிடும்.

எது குறைபாடு, எது வெறும் செட்டப் வேலை என்பதை என் பட்டறை அண்ணன் எனக்குப் புரியவைத்த விதத்திலேயே சொல்கிறேன். பிரிட்ஜ் நகர்ந்திருக்கிறது, 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி கம்பியின் திறந்த சுருதியோடு ஒத்துவரவில்லை, முதல் ஃப்ரெட் அருகே நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டப்படாமல் கம்பி உயர்ந்து நிற்கிறது, இவையெல்லாம் செட்டப். விலை குறைந்த மேண்டலின் எதுவும் செட்டப் இல்லாமல் வாசிக்கும்படி வந்து சேராது. அதற்கொரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பிரிட்ஜின் திருகுச் சக்கரத்தை முழுக்க இறக்கியும் கம்பி உயரமாகவே இருக்கிறதா? கழுத்து முறுக்கியிருக்கிறதா? மேல்பலகை பிரிட்ஜுக்கு அடியில் உள்வாங்குகிறதா? ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறதா? இவை குறைபாடு. எந்தச் செட்டப்பும் இவற்றை மறைக்கத்தான் செய்யும். வந்த அன்றே முழுச் சுருதிக்கு ஏற்றி இரண்டு நாள் அப்படியே வையுங்கள். பலகை உள்வாங்குவதும் ஒட்டு விடுவதும் பல நேரம் இழுவையில்தான் தெரியவரும். இன்னொன்று: கம்பி மாற்றும்போது எட்டையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் இடம் மாறிவிடும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது அதே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில் வருகிறது. ‘பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபாய் கொறச்சுக்கலாம் சார்’ என்பவரிடம் நீங்கள் உரிமையை ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறீர்கள்.

இணையத்தில் வாங்கியது என்றால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. குறையுள்ளதை, போலியை, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததை விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டும். தளம் தரும் 7 நாளும் 10 நாளும் அவர்களாக வைத்துக்கொண்ட வசதி. அது முடிந்தால் சட்டம் கொடுத்த உரிமையும் முடிந்துபோகும் என்பதல்ல. இதை நான் தெரிந்துகொள்ள மூன்று வாரத்துக்குமேல் ஆயிற்று.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, ஆனால் நிறுவனத்தைப் பேச வைக்கும். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். பட்டறைக்காரர் அளவுகளோடு எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் அங்கே பெரிய துணை.

கச்சேரி வாசித்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் இல்லை என்று தள்ளிவிடுவார்களா? சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கியிருக்கிறது.

பழைய மேண்டலின் வாங்குகிறவர்களுக்கு இத்தனை பாதுகாப்பு இல்லை. வியாபாரியாக இல்லாத ஒருவர் தன் வீட்டில் கிடந்ததை விற்றால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்குப் பெரும்பாலும் உதவாது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். பத்தாயிரம் ரூபாய் மேண்டலினுக்கு யார் போவது? நேரில் பார்த்து, வாசித்து, பிறகு பணம் கொடுங்கள். ‘அட்வான்ஸ் அனுப்பினால் கூரியர் போடுகிறேன்’ என்று வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் அது சைபர் மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும். தலையில் பெரிய அமெரிக்கப் பெயர் பொறித்து எட்டாயிரத்துக்குத் தருகிறார் என்றால், பெயரைத் தவிர அதில் எதுவும் அமெரிக்கா இல்லை. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எல்லாம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் அனுப்பக்கூட ஆள் கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து பழைய இத்தாலியக் குடவயிற்று மேண்டலினை ஆசைப்பட்டு வரவழைப்பவர்களும் கவனிக்கவேண்டும். அவற்றில் பலவற்றில் பிக் உரசும் இடத்தில் பதித்திருப்பது அசல் கடலாமை ஓடு. பன்னாட்டு வணிகத்தில் தடை செய்யப்பட்ட பொருள் அது. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். சுங்கத்தில் மாட்டினால் வாத்தியமும் போய் வழக்கும் வரும். தப்பி வந்தாலும் அந்த மெல்லிய உடம்பு இன்றைய தடித்த கம்பிகளைத் தாங்காது.

என் கதை இப்படி முடிந்தது. பட்டறைக் கடிதம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஸ்கேலை வைத்து எடுத்த புகைப்படம் மூன்றையும் சேர்த்து 1915இல் புகார் பதிந்தேன். அதுவரை ‘கால அவகாசம் முடிந்துவிட்டது’ என்ற ஒரே வரியை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஐந்தாவது வாரம் ஆள் அனுப்பி மேண்டலினை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது மேண்டலினைக் கடையில் உட்கார்ந்து, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்கினேன். ஏ வடிவம், சுருள் கிடையாது, மேல்பலகை அசல் மரம். செட்டப்புக்குத் தனியாக 1500 ரூபாய் ஆனது. பில் அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.