தனிச்சொல்லும் அதன் சூழலும்: ஓர் அச்சுப்படத் தொகுதி

அலிகாரில் பிறந்த கலைஞர் ஸரீனா ஹாஷ்மி (1937–2020) 1999-இல் உருவாக்கிய ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்னும் 36 மரச்செதுக்கு அச்சுப்படங்களின் தொகுதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. ஒவ்வொரு படமும் ஓர் உருதுச் சொல்லினின்று பிறந்தது. சில கருங்கோடுகளோடு அச்சொல்லும் இடம்பெறுகிறது.

முதற்சொல் ‘கர்’, அதற்குரிய படம் வீட்டின் தரைப்படம். தமிழில் ‘வீடு’ என்பதே இதற்கு நேர்ச்சொல். ஆயினும் ‘வீடு’ துறந்து பெறும் விடுதலையையும் குறிக்கும். ஸரீனாவின் குடும்பமோ பிரிவினைக்குப் பின்னர்ப் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தது. அவர் வரைந்தது இழந்த வீடு.

தொடரில் வரும் சொல்லின் பொருளைச் சூழல் வரையறுக்கும். தனிச்சொல்லுக்கு அத்துணை இல்லை. இங்குக் கோடுகளே சூழலாகின்றன. எனவே இச்சொற்களைப் படங்களினின்று பிரித்து, வெறும் பட்டியலாக மொழிபெயர்த்தல் பொருந்தாது. படத்தைக் கண்டே சொல்லைத் தேர்தல் வேண்டும்.