ஓய்வு நாளில் அடங்கும் இருமல்

"வேலைக்குப் போனால் நெஞ்சை அடைக்கிறது, வீட்டில் இருந்தால் சரியாகிவிடுகிறது" என்று ஒரு பெண் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? வேலைக்குப் போகச் சோம்பல் என்று சிரித்துவிடுவோம். அது பெருந்தவறு. அந்தச் சொல்லே ஒரு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும்.

கனடா நாட்டின் கிழக்கே நியூபவுண்ட்லாந்து என்றொரு தீவு உண்டு. அங்கு 1992இல் காட் மீன் பிடிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. மீன் ஆலைகள் பல நண்டின் பக்கம் திரும்பின. குளிர்கடலில் கிடைக்கும் பனி நண்டை அவித்து, உடைத்து, பதனிடும் வேலையில் பெண்கள் பெருந்தொகையினர்.

நண்டை அவிக்கும்போது எழுவது வெறும் நீராவி அன்று. நண்டின் புரதத் துகள்களும் அதில் மிதக்கும். உடைக்கும்போதும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போதும் அவை காற்றில் கலக்கும். நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கும் சிலரின் உடல் அவற்றைப் பகையாகக் கருதத் தொடங்கும். அதன்பின் சிறிதளவு பட்டாலும் மூச்சுக்குழாய் சுருங்கி, வீங்கி, சளி கட்டும். இருமலும், நெஞ்சு இறுக்கமும், மூச்சில் விசில் ஒலியும் தோன்றும். இதுவே வேலையால் வரும் ஆஸ்துமா.

கியூபெக் மாநிலத்து ஆலைகளில் 303 நண்டுத் தொழிலாளரை ஆராய்ந்த மருத்துவர்கள் 1984இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது.

அப்படியானால் அப்பெண்கள் ஏன் உடனே விலகுவதில்லை? நண்டுக் காலம் சில மாதங்களே. அதற்குள் போதிய மணிநேரம் உழைத்தால்தான் குளிர்காலத்தில் வேலையின்மைக் காப்புறுதிப் பணம் கிடைக்கும். வாய் திறந்தால் வயிற்றில் அடி. ஆகவே மூச்சிரைப்பை மறைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. ஆனால், நாள் நீள நீள நோய் வேரூன்றும். வேலையை விட்ட பின்னும் போகாமல் தங்கிவிடலாம். காலத்தோடு விலகினால் தேறும் வாய்ப்பு மிகுதி.

துணியால் மூக்கைக் கட்டினால் போதாது. கொதிகலனை மூடி, ஆவியை எழும் இடத்திலேயே குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். நோய் கண்டவரை ஆவி படாத வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இவை முதலாளியின் கடமைகள்.

இது எங்கோ நண்டு உடைப்பவர்களின் கதை மட்டுமன்று. ரொட்டி ஆலையின் மாவுத் தூளும், பலகை ஆலையின் மரத்தூளும் இதே நோயைத் தரக்கூடும். நம் பெண்மக்களும் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர் அல்லவா?

வீட்டில் யாருக்கேனும் இருமல் நீடித்தால், அது எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் அடங்குகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வேலை முடிந்து இரவில் வரும் இருமலையும் குறியுங்கள். அதுவும் வேலையின் விளைவாக இருக்கலாம். அந்தத் தாளைக் கிளினிக்கில் காட்டி, செய்யும் வேலை இன்னதென்று நாமாகவே சொல்வோம். சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்!