உங்களுக்குத் தெரியுமா? ஏர் பில்டர் பெட்டிக்குள்ளே…

ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ஜாசினிலிருந்து மலாக்கா பட்டணம் போய்த் திரும்புவதற்குள் சின்னக் கார்கூட முப்பதாயிரம் லிட்டர் பக்கம் இழுத்துவிடும். அத்தனையும் மடித்து வைத்த ஒரு தாளின் வழியாகத்தான் உள்ளே போகிறது.

*

மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் நட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். ஆண்டு 1896, நட்டவர் டான் சே யான். ரப்பர் இருந்த இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை. மாறாதது செம்மண் சடக்குதான். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார் விழுங்குவது முழுக்கப் புழுதி. பில்டர் மாற்றக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர், தார்ச்சாலைக் கணக்கு. புழுதி வழியில் ஓட்டினால் முன்னதாகவே மாற்றச் சொல்லி அதே கையேட்டில் இன்னொரு வரி இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

*

பெட்டியைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். திருப்பி மாட்டுவதில்தான் வினை. பல கார்களில் மூடியின் பின்விளிம்பில் இரண்டு மூன்று நாக்குகள் இருக்கும். முதலில் அவை கீழ்ப்பாதியின் துளைகளில் நுழைய வேண்டும், பிறகுதான் முன்பக்கக் கிளிப்பு. நாக்கு நுழையாமலே கிளிப்பு 'டக்'கென்று விழுந்துவிடும், நாமும் போனட்டைச் சாத்திவிடுவோம். பின்னால் நகக்கண் அளவு இடுக்கு. அது கண்ணுக்குத் தெரியாத மூலையில்தான் எப்போதும் இருக்கும். எனவே கண்ணை நம்பாமல், விரலால் சுற்றி ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

கிளிப்பை அமுக்கிப் போட வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். ஒன்று, பில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் உட்காரவில்லை. அல்லது, எஞ்சினுக்குப் போகும் ஹோஸ் மூடியைக் கோணலாக இழுக்கிறது. ஹோஸின் வளையத்தைத் தளர்த்திவிட்டு மூடியைப் போட்டு, வளையத்தைக் கடைசியில் இறுக்கினால் சண்டை இல்லை. பிளாஸ்டிக் கிளிப்போடு பலப்பரீட்சை நடத்தினால் உடைவது கிளிப்புதான். அனுபவம் பேசுகிறது.

பழைய பில்டரை வீசும் முன் அதன் ரப்பர் விளிம்பைப் பாருங்கள். சுத்தமாக இருக்கவேண்டிய பக்கத்துக்குச் செம்மண் கோடு ஓடியிருந்தால் பெட்டி சரியாக மூடவில்லை என்று பொருள். ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தாலும் குட்டு வெளிப்படும்.

*

பில்டரைத் தாண்டியதும் உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் சில கார்களில் உண்டு. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஹோஸ் சரியாக மாட்டாவிட்டால் கணக்கில் வராத காற்று புகுந்து, நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரியும். காற்றின் அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கார்களோ அதே ஹோஸ் வாய் பிளந்திருந்தாலும் முனகாமல் ஓடும், புழுதியும் சத்தமில்லாமல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கும். எனக்கு நடுங்கும் கார்தான் நல்ல கார்.

*

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் வண்டி. அந்தக் காலக் கார்புரேட்டர் வண்டிகளில் பில்டர் மூடியைக் கழற்றினால், முதல் வேலை கார்புரேட்டர் வாயில் சுத்தமான துணி ஒன்றை வைப்பது. நட்டு உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரலாம். துணியை எடுக்க மறந்தால் அது வேறு கதை.

*

பில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்பது எல்லா மெக்கானிக்கும் சொல்வது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்தபோது, கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குறைந்தது பாய்ச்சல்தான். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் மெக்கானிக் சொன்னது பொருந்தும்.

*

செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. அதைப் பிடிக்கவே தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி வைத்து, கூகை வளர்க்கிறார்கள். அலறினால் ஆகாது என்று நம் பாட்டிமார் விரட்டிய அதே கூகைதான். கூகைக்குத் தப்பிய எலிக்கு, ராத்திரியில் கதகதப்பாக இருக்கும் பில்டர் பெட்டி அரண்மனை. பல நாள் ஓடாத காரென்றால், மூடும் முன் கீழ்ப்பாதியில் நாரும் தாள்துண்டும் கிடக்கிறதா என்று பாருங்கள். பில்டரையே கடித்துக் கூடு கட்டியிருக்கும்.

*

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எஞ்சின்மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோமே, நனைந்த தாள் காற்றை விடாது. பில்டரைத் தண்ணீரில் அலசிக் காயவைப்பதும் வேண்டாம். ஒரு புதுத் தாள் பில்டர் அப்படியொன்றும் பெரிய விலையில்லை.

பல கார்களில் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். மழைநீர் வடிவதற்காகவே வைத்தது அது. உடைசல் என்று நினைத்துப் பசை வைத்து அடைத்த ஒரு சித்தப்பா எங்கள் குடும்பத்தில் உண்டு. அடுத்த அடைமழையில் பெட்டிக்குள் அரை டம்ளர் தண்ணீர். பசையைச் சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.